மாடு மிரளக் கூடாது

மத்தியானத் தீனி முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் கொட்டகையில் ஒரு சத்தம் எழும். யாரோ ஈர மாவை அவசரமே இல்லாமல் பிசைந்துகொண்டிருப்பது போல, மெத்தென்று, ஒரே சீராக, இடையிடையே ஒரு பெருமூச்சோடு கேட்கும் சத்தம். மாடுகள் எல்லாம் காலை மடக்கிப் படுத்து அசைபோடுகிற அந்தச் சத்தம் சமையலறைச் சுவர் வழியாக வந்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு கலந்து, அவளுக்கே தெரியாமல் அவள் தோளை இறக்கிவிட்டு, இன்றைய பகலும் ஒருவழியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போகும். அன்றைக்கு அது கேட்கவில்லை.

குழாயை மூடினாள். முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். இடது காது பாதிதான் கேட்கும். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த ஈரத் தரை ஞாபகத்தில் வர ஆரம்பித்துவிட்டது. திரும்பி வலது காதைச் சுவரில் வைத்தாள். சுவர் ஜில்லென்று இருந்தது. மாடுகள் இருந்தன, மூச்சு விட்டன, வாலை வீசின. ஒன்றுகூட மெல்லவில்லை.

பின்கதவைத் திறந்து கொட்டகைக்குள் போனாள். வைக்கோலும் சாணமும் பினாயிலும் கலந்த வழக்கமான வாடைக்குள் இன்று வேறொன்றும் இருந்தது. புண்ணில் கட்டிய துணியைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாடை. படுத்திருக்க வேண்டிய மாடுகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. நின்றுகொண்டு, கழுத்தைத் திருப்பி, கடைசித் தொட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே சாது நின்றது. அதன் மூக்கு தோல் உரித்த மாதிரி சிவந்து கிடந்தது. இரண்டு நாசியிலிருந்தும் சளி நூலாக இறங்கித் தொட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணோரம் நனைந்து, மயிர் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அது மூச்சை இழுக்கும்போது உள்ளே எங்கோ ஒரு கிழிசல் கேட்டது.

ஐயோ, மாடு செத்துவிடுமோ என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஐயோ, அவர் பார்த்துவிடுவாரே என்றுதான் தோன்றியது.

சாது இந்தக் கொட்டகையில் பிறந்தது இல்லை. எங்கோ தூரத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டே வந்த மாடு. வந்த நாளிலிருந்து முட்டாது, உதைக்காது, யார் வேண்டுமானாலும் கறக்கலாம்; அதனால் மாமியார் வைத்த பேர் அது. மழை பிடித்ததும் அதன் முன்னங்கால் முட்டி வீங்கி நொண்டத் தொடங்கியது. அவள் கணவன் தினமும் தொழுவத்து வாசலில் நின்று அந்தக் காலையே பார்த்தான். கட்டைவிரலால் மற்ற விரல்களின் நகத்தை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நிற்பான். அவ்வளவுதான். வேறு வீட்டில் அது ஒரு மனுஷன் யோசிக்கிறான் என்று அர்த்தம். இந்த வீட்டில் அதைப் பார்த்தால் அவள் கையில் இருக்கிற பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுவாள்.

குளிர்பெட்டியின் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், முன்பு வேறொரு மாட்டுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருந்தது. வீக்கத்தை வற்றவைக்கிற ஊசி. கெட்டிக்கார ஊசி, படுத்த மாட்டை மறுநாளே எழுப்பி நடக்கவைக்கும். மாடு வளர்க்கிற வீட்டில் ஊசி போடத் தெரியாதவர்கள் யார்? அவன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து இரண்டு சாயங்காலம் போட்டாள். சாது நடந்தது. அன்று சாப்பிடும்போது அவன், “பாத்தியா? தானா சரியாயிடுச்சு. நான் சொல்லல?” என்று சிரித்தான். “ஆமாங்க,” என்றாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள், பாவம்.

சாதுவின் மூக்கு ஒழுகுவதை அன்று சாயங்காலமே அவனும் பார்த்துவிட்டான்; அவன் கூப்பிட, டாக்டரம்மா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். மனுஷர்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம் அதிகம் பேசுகிற கால்நடை டாக்டர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாய் நிறையக் கிண்டல். சாதுவின் மூக்கைத் துணியால் துடைத்து, பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தபோது மட்டும் கிண்டல் நின்றது.

“இது நேத்து வந்த நோய் இல்ல. இவளுக்குள்ளயே இருந்திருக்கு. கன்னுக்குட்டியா இருந்தப்பவே வந்திருக்கும்.”

“நல்லாத்தானே இருந்துச்சு?” என்றான் கணவன். “வித்தவர்கூட சொன்னாரு, எப்பவோ ஒருதடவை சளி பிடிச்சுச்சு, போயிடுச்சுன்னு.”

“போகல. அடங்கியிருக்கு. ரெண்டும் வேற வேற.” டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “மனுஷங்களுக்கு அக்கி வருதுல்ல, காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருதுல்ல, அந்தக் குடும்பத்துக் கிருமிதான். நமக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. மாட்டுக்கு வந்தா மேல ஆறிடும். ஆனா கிருமி போகாது. கன்னத்துக்கு உள்ள ஒரு நரம்பு முடிச்சு இருக்கு, அங்க போய் படுத்துக்கும். மாடு திங்கும், கறக்கும், ஒரு குறையும் தெரியாது. வருஷக்கணக்கா படுத்திருக்கும். என்னைக்காவது லாரில ஏத்தி அலைக்கழிச்சாலோ, கன்னு போட்டாலோ, பயந்தாலோ, இல்ல வீக்கத்துக்குப் போடற ஊசியப் போட்டாலோ, அதே நரம்பு வழியா இறங்கி மூக்குக்கு வந்துரும்.”

அவள் கையில் வெந்நீர்ச் சொம்பு இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டாள்.

“ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?”

“இல்லையே,” என்று கணவன் திரும்பினான். “நீ?”

தலையை ஆட்டினாள். அடேயப்பா, பொய்க்கு எவ்வளவு சின்ன அசைவு போதுமாக இருக்கிறது!

சினை மாடுகள்தான் டாக்டரம்மாவுக்குக் கவலை. காற்றிலும் தொட்டித் தண்ணீரிலும் இது பரவும், வயிற்றில் இருக்கிற கன்று தங்காது என்றாள். தடுப்பூசி வந்ததும் போடலாம், அதுவரை ஒரு மாடும் வெளியே போகக் கூடாது, வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது, பால் வண்டி வராது, வீட்டுக்காரர்களும் முடிந்தவரை அடங்கி வீட்டிலேயே இருங்கள். “முக்கியமா ஒண்ணு. மாட்டை மிரளவிடாதீங்க. எதுக்குள்ள என்ன தூங்குதோ, மிரண்டா எந்திரிச்சுக்கும். சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க!” என்று அவளே சிரித்தாள். மாமியார் மட்டும் கூடச் சிரித்தாள்.

அவளுக்கு வேறொரு வார்த்தை மாட்டிக்கொண்டது. அடங்கியிருக்கு.

கல்யாணமாகி முதல் வருஷம் அவள் வாழ்ந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்லக் கூடாது. பிறகு நின்றது. ஏன் வந்தது என்று தெரியாத மாதிரியே ஏன் நின்றது என்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு அடி இல்லை, உரத்த சொல் இல்லை. மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்: “ஆம்பளைன்னா ஒரு வயசுல அப்படித்தாம்மா இருக்கும். எங்க காலத்துல நாங்க பாக்காததா? இப்ப பாரு, அடங்கிட்டான்.” அவளும் நம்பினாள். நம்பாமல் எத்தனை நாள் ஒருத்தி ஒரு வீட்டில் சோறாக்க முடியும்? நம்பினாலும் மனசுக்குள் ஒன்றை முடிந்துவைத்திருந்தாள்: மறுபடி அந்த அறிகுறி தெரிந்தால், செருப்பைக்கூடத் தேடக் கூடாது, நேரே அக்கா வீடு.

அந்த அறிகுறி அடி இல்லை, கத்தல் இல்லை, குடி இல்லை. மரியாதை.

எல்லா வீட்டிலும் போலத்தான் அவன் அவளை நீ, வா, போ என்பான். ஆனால் அந்த வருஷத்தில், ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்னால், அவன் குரல் மெதுவாகிவிடும். வாங்க என்பான். உட்காருங்க. கதவைச் சாத்திட்டு வாங்க. வெளியே யாராவது கேட்டிருந்தால் பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறானே என்று கண்ணு பட்டிருக்கும். அந்த ‘ங்க’ காதில் விழுந்தால் அவளுக்கு இப்போதும் முதுகில் தோல் சுருங்கும்.

டாக்டரம்மா போனதும் அவன் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவியை அரைஞாணில் கோர்த்துக்கொண்டான். “கிருமி செருப்புல ஒட்டிட்டுப் போயிருமாம்,” என்றான். சரிதானே. டாக்டர் சொன்னதுதானே.

பிறகு சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். வானொலி நின்றது. தகர வாளிகள் போய் பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. கொட்டகைத் தாழ்ப்பாள்கள், கேட்டுச் சங்கிலி, கன்றுப் பட்டியின் கொக்கி எல்லாவற்றுக்கும் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி சுற்றினான். செருப்பு கூடாது. தும்மல் வந்தால் முந்தானை. கைபேசி அடித்தால் மாடு மிரளும் என்று மூன்றையும் அணைத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். டாக்டரம்மாவுக்கு மட்டும் அவன் ஒரு தடவை எடுத்துப் பேசிவிட்டு மறுபடி வைப்பான். மாமியார், “பரவாயில்லம்மா, பொறுப்பாத்தான் பாத்துக்கறான்,” என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுக்க என்ன, சமையலறையில்தானே இருக்கிறோம் என்று இவளும் கிசுகிசுப்பாகவே கேட்டாள்.

கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். ஊற்றுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று வாளியைச் சாய்த்து, தரையோடு தரையாக, மெல்ல. வெள்ளையாக அது நெளிந்து போவதை அவன் நின்று பார்த்தான். கட்டைவிரல் நகங்களைத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் சாதுவின் மூக்கைப் பார்ப்பாள். பிறகு அவன் முகத்தைப் பார்ப்பாள். சாது தீனியை மோந்துவிட்டு விட்டுவிட்டது. அவன் தட்டில் பாதி அப்படியே இருந்தது. சாதுவின் மூச்சில் கிழிசல் அதிகமானது. அவன் இரவில் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை, அதாவது அவன் தூங்கவில்லை. பக்கத்து மாட்டின் கண்ணிலும் நீர் வந்தது. அதற்கடுத்த மாட்டுக்கும். அவன் நன்றாகத்தான் இருந்தான். ஒரு குறையும் தெரியவில்லை. அதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னாள்.

கொட்டகையின் இந்தக் கோடியில் கடுகு நின்றது. தாய் செத்துப்போன கிடாரி. கைப்பிடி அளவு இருந்தபோது அவள்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். இப்போது அதற்குத் தலைச்சன் சினை. அவள் வந்தால் மோவாயைத் தூக்கி அவள் தோளில் வைத்துக்கொள்ளும். அதன் மூக்கு இன்னும் கருப்பாக, ஈரமாக, நன்றாகத்தான் இருந்தது. “நீ மிரளாதடி,” என்று அதன் காதில் சொன்னாள். “நான் மிரளல பாரு.” அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது கடுகின் கழுத்தில் தெரிந்திருக்கும். மாட்டிடம் பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?

மழை விட்டும் வானம் வெளுக்காத ஒரு காலையில் சினை மாடுகளில் ஒன்றான நெட்டச்சி கன்று வீசிவிட்டது. மாதம் நிறையாத கன்று. மயிர்கூட முளைக்காமல், ஈரமாக, கண் மூடி, சாணக் கால்வாயில் கிடந்தது. நெட்டச்சி அதை நக்கவில்லை, கத்தவும் இல்லை. இந்த வீட்டில் கத்தக் கூடாது என்று மாட்டுக்கும் தெரிந்துவிட்டது போல. அவன் குனிந்து அதைச் சாக்கில் சுருட்டினான். கொல்லையில் குழி வெட்டினான். மண்வெட்டி கல்லில் பட்டுச் சத்தம் வரும் என்று கையாலேயே மண்ணைத் தோண்டினான். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனுஷன் முழங்கை வரை மண்ணாகி, மூச்சுகூட வாங்காமல், மெதுமெதுவாகக் கையால் குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பது நல்லது.

அன்று சாப்பாட்டின் நடுவே அவன் தலையைத் தூக்கிச் சொன்னான். “கவலைப்படாதீங்க.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

பக்கத்தில் மாமியார் இருந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் என்றால் ‘ங்க’ போடத்தான் வேண்டும். தமிழில் வேறு எப்படிச் சொல்வதாம்? அப்படித்தான். இரண்டு பேருக்கும்தான். அவள் அந்தக் கணக்கைப் படுக்கையில் படுத்துக்கொண்டு விடியும்வரை போட்டுப் போட்டுப் பார்த்தாள். அம்மாவையும் பெண்டாட்டியையும் சேர்த்துத்தான். ஆனால் சொல்லும்போது அவன் கண் மாமியார் பக்கம் போகவில்லை.

கேட் பூட்டியிருக்கிறது. சாவி அவன் அரைஞாணில். அக்காவின் எண் அவன் அலமாரிக்குள். சுவர் ஏறிக் குதிக்கலாம். குதித்தால் நாய் குரைக்கும், நாய் குரைத்தால் மாடு மிரளும், கடுகு கன்று வீசும். நல்ல நியாயமாக இருக்கிறதே! இப்படி ஒரு பூட்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதன் ஒரு பாதியை அவளே செய்து கொடுத்திருந்தாள்.

தடுப்பூசிப் பெட்டியோடு டாக்டரம்மா மறுபடி வந்தபோது அவன் கொட்டகையின் அந்தக் கோடியில் மாடுகளைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். கேட்டோரம், மருந்துத் தண்ணீரில் பூட்ஸை முக்கிக்கொண்டே டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். “என்னம்மா, மாட்டைவிட நீ இளைச்சிருக்கே?”

இதுதான் சமயம். வாய் திறந்தது. என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் முதலில் வந்து விழுந்தது வேறு. நெஞ்சில் எது மேலாகக் கிடந்ததோ அது.

“டாக்டரம்மா, ஊசி நான்தான் போட்டேன். வீக்கத்துக்கு. சாதுவுக்கு. தெரியாமப் போட்டுட்டேன்.”

டாக்டரம்மா மருந்துத் தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள். பிறகு அவள் தோளைத் தட்டினாள். “நல்லவேளை சொன்னே. இப்பதான் எனக்குக் கணக்கு ஒத்துப்போகுது. நெட்டச்சிக்கும் போட்டியா? இல்லையே? அப்பாடா. போகட்டும் விடு, யாருக்குத் தெரியும் இதெல்லாம்.” அவ்வளவு அன்பான கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்ல அவள் மூச்சை இழுத்தாள். “டாக்டரம்மா, என்னைய...”

“வாங்க சார்!” என்று டாக்டரம்மா அவள் தலைக்கு மேலாகப் பார்த்துக் கை காட்டினாள்.

அவன் வெறுங்காலோடு வந்திருந்தான். இடது பக்கமாக வந்திருந்தான். அவள் காதில் விழவே இல்லை.

மருந்தைக் கொடுத்து, எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று விளக்கி, பெட்டியை மூடிக்கொண்டு, வண்டியில் ஏறியபிறகு டாக்டரம்மா தலையை வெளியே நீட்டினாள். நல்ல மனசு. நல்ல மனசு மட்டும்தான்.

“சார், காரணம் தெரிஞ்சிருச்சு. வீக்க ஊசிதான். உங்க வீட்டம்மா இப்பதான் சொன்னாங்க. பாவம், உங்க நல்லதுக்குத்தான் போட்டிருக்காங்க. திட்டிடாதீங்க!”

“சேச்சே,” என்றான் அவன். “திட்டுவேனா?”

வண்டி போயிற்று. சங்கிலி போட்டான். துணி சுற்றிய சங்கிலி. ஒரு கிணுக்கென்ற சத்தம்கூட இல்லை.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி நடந்தான். சாயங்காலம் வரை கேட்கவில்லை. காப்பி குடித்தான். டம்ளரை அவனே கழுவி வைத்தான். எதையாவது கேட்டுவிட்டால் போதும், ஒரு கத்துக் கத்திவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. மாமியார் காதில், “அத்தை, எனக்குப் பயமா இருக்கு,” என்றாள். மாமியார் அடுப்பையே பார்த்துக்கொண்டு, “நீ ஏம்மா அவன்கிட்ட மறைச்சே?” என்று மட்டும் கேட்டாள்.

வெளிச்சம் மங்குகிற வேளையில் ஊசி போட ஆரம்பித்தார்கள். கொட்டகைக்குப் பின்னால், மாடு திமிறாமல் நிற்க ஒரு இரும்புக் கூண்டு உண்டு. ஒரு மாடு நிற்கிற அகலம். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டு பக்கமும் கம்பி. மாடு உள்ளே போனால் பின்னால் திரும்ப முடியாது. அவன் முன்னால் நின்று ஊசி போட்டான். அவள் பின்னாலிருந்து ஓட்டினாள். மாமியார் தாழ்ப்பாள் போட்டுத் திறந்தாள். ஒரு மாடு. இன்னொரு மாடு. ஊசி ஏறும்போது அவன் ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் உள்ளங்கையால் தடவிக்கொடுத்தான். மாடுகள் கண்ணைச் செருகின. அவன் கை அப்படி. மாட்டுக்கு அந்தக் கையைப் பிடிக்கும்.

கடைசி மாடும் முடிந்து வெளியே போயிற்று. கூண்டு காலி. அவள் மருந்துப் புட்டிகளை எடுக்கக் குனிந்தாள்.

“முன்கதவு சிக்குது,” என்றான் அவன். குரல் மெதுவாக இருந்தது. வெண்ணெய் மாதிரி இருந்தது. “உள்ள போய் என்னன்னு பாருங்க.”

பாருங்க.

மாமியார் பின்கதவோரம் நின்றாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தான். இரண்டு பேருக்கு இல்லை. ஒருத்திக்கு. ஒருத்திக்கே ஒருத்திக்கு.

ஓடு. எங்கே? கொட்டகை வழியில் மாடுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. கேட் பூட்டு. கொல்லைச் சுவர். நாய். கடுகு பக்கத்திலேயே நின்றது, கழுத்தை நீட்டி அவளை மோந்துகொண்டு. அதன் வயிறு அசைந்தது. உள்ளே கன்று புரண்டது.

“போங்க,” என்றான்.

போனாள். ஏன் போனாள்? போகாவிட்டால் அவன் இங்கேயே ஆரம்பித்துவிடுவான், மாடுகளுக்கு நடுவே, கடுகின் கண் முன்னால். அப்படித்தான் நினைத்தாள். நினைத்தாளா, கால் போயிற்றா, தெரியாது. கம்பிகள் இரண்டு தோளையும் தொட்டன. சாணமும் மருந்தும் பயந்த மாட்டின் மூத்திரமும் சேர்ந்த வாடை. முன்கதவு சிக்கவில்லை. அவன் கைதான் அதைப் பிடித்திருந்தது.

திரும்ப முடியவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். பின்கதவு இன்னும் திறந்திருந்தது. ஒரு ஆள் நழுவுகிற அளவு. அங்கே மாமியார். கை தாழ்ப்பாளில்.

“அத்தை,” என்றாள்.

மாமியாரின் கண் கலங்கியிருந்தது. கை கலங்கவில்லை. கதவு வந்து சேர்ந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. சத்தமே இல்லாமல்.

முன்னால் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். ஒரு மடிப்பு. நிதானமாக இன்னொரு மடிப்பு. உள்ளங்கை கம்பிக்குள் வந்து அவள் கழுத்தில் பதிந்தது. தடவிக்கொடுத்தது. வெதுவெதுப்பான கை.

பின்னாலிருந்து, அவளுடைய கேட்கிற காதின் பக்கம், மாமியார் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

“சத்தம் மட்டும் போட்டுராதம்மா. மாடு மிரண்டுரும்.”

கடுகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி, தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டாள்.